எல்ஃபிலிருந்து இமேஜுக்கு: வழியில் தொலையும் முகவரிகள்

“எல்ஃப் என்பது வெறும் உறை; அதைக் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் பைனரி இமேஜ்தான் உண்மையான நிரல்.” மைக்ரோகன்ட்ரோலர் வேலையில் இருப்பவர்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் இது. நிரலைக் கம்பைல் செய்து இணைத்து முடித்ததும் கிடைக்கும் கோப்புதான் எல்ஃப்; சிப்பில் அப்படியே எழுதப்படும் பைட்டுகள்தான் பைனரி இமேஜ். இதைச் சொல்ல வேண்டிய அவசியமும் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. கம்பைல் செய்து பார்த்தால் எல்ஃப் கோப்பு 2 எம்பி இருக்கிறது, சிப்பில் நிரல் தங்கும் ஃப்ளாஷ் நினைவகம் 1 எம்பிதான், இது எப்படி உள்ளே போகும் என்று புதியவர் பதறுகிறார். அதில் பெரும்பகுதி டிபக் தகவல் என்று சொல்லி, ஆப்ஜ்காப்பி என்ற மாற்றும் கருவியைப் பைனரி வடிவத்துக்கு ஓட்டிக் காட்டினால், சில பத்து கேபியில் ஓர் இமேஜ் வருகிறது. அதை ஏற்றினால் பலகையும் ஓடுகிறது. வாக்கியம் கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டதால் அதற்குப் பிறகு யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. எனக்கு மட்டும் அது நெடுநாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. எங்கே பிசகுகிறது என்று சொல்லத் தெரியாமல் இருந்த உறுத்தல் அது. சென்ற ஆண்டு எங்கள் குழுவில் நடந்த ஒரு சம்பவம்தான் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

சம்பவத்துக்கு முன்னால், ஆப்ஜ்காப்பி செய்கிற வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடுவது நல்லது. லிங்கர் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் சேர்த்து, ஒவ்வொரு சிம்பலுக்கும் (சார்பு, மாறி ஆகியவற்றின் பெயருக்கும்) முகவரி கொடுத்து முடித்த எல்ஃபை அது திறக்கிறது. நினைவகத்தில் ஏற்றப்பட வேண்டியவை என்று குறிக்கப்பட்ட, உள்ளடக்கமும் உள்ள செக்ஷன்களை, அதாவது எல்ஃபின் பகுதிகளை, மட்டும் பொறுக்குகிறது. அவற்றில் மிகத் தாழ்வான லோடு முகவரியை (ஏற்றப்பட வேண்டிய இடத்தை)க் கோப்பின் முதல் பைட்டாக வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் அங்கிருந்து அதன் முகவரி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு தள்ளி எழுதுகிறது. இடையில் இடைவெளி இருந்தால் அதையும் நிரப்புகிறது. சிம்பல் அட்டவணை, ரீலொகேஷன் விவரங்கள், டிபக் தகவல் எல்லாம் கழிந்துவிடுகின்றன. தொடக்க மதிப்பு தரப்படாத மாறிகள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதிக்கு எல்ஃபிலேயே பைட்டுகள் கிடையாது, அளவு மட்டும்தான் உண்டு; எனவே 100 கேபி அளவுள்ள ஒரு காலி அணி இமேஜில் பொதுவாக ஒரு பைட்டைக்கூடப் பிடிக்காது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தவை. பலரும் கவனிக்காமல் விடுவது, எந்த முகவரியை முதல் பைட்டாக வைத்துக்கொண்டதோ அந்த முகவரியும் கோப்பில் எழுதப்படுவதில்லை என்பதைத்தான். அதனால்தான் பைனரி இமேஜை ஏற்றும்போது மட்டும் மென்பொருள் நம்மிடம் தொடக்க முகவரியைக் கேட்கிறது. எல்ஃபைக் கொடுத்தால் கேட்பதில்லை.

கோப்பில் எழுதப்படவில்லை என்றாலும் தடயங்கள் இருக்கும். எங்கள் பலகையில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்407, கார்ட்டெக்ஸ் எம்4 வகைச் சிப். அதற்கான ஓர் இமேஜை ஹெக்ஸ் பார்வையில் (பதினாறடிமான எண்களாக; இனி வரும் முகவரிகளும் அப்படித்தான்) திறந்தால் முதல் எட்டு பைட்டுகள் இப்படி இருக்கின்றன: 00 00 02 20 55 14 00 08. சிறிய பைட் முதலில் வரும் வரிசை என்பதால் முதல் நான்கைத் திருப்பிப் படித்தால் 20020000. அதாவது 20000000 என்ற முகவரியில் தொடங்கும் 128 கேபி ரேமின் முடிவு, ஸ்டாக் கீழ்நோக்கி வளரத் தொடங்கும் இடம். அடுத்த நான்கு, 08001455. ரீசெட் ஆனதும் செயலி குதிக்க வேண்டிய இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருப்பது, அங்கே இருப்பவை தம்ப் என்ற வகைக் கட்டளைகள் என்பதற்கான அடையாளம். ஃப்ளாஷ் 08000000இல் தொடங்குகிறது என்று தெரிந்தவர், இந்த இமேஜ் எங்கே உட்கார வேண்டும் என்று எட்டே பைட்டுகளில் ஊகித்துவிடலாம். ஊகிப்பதோடு சரி. முதல் 16 கேபியைப் பூட்லோடருக்கு (முதலில் ஓடி முக்கிய நிரலைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலுக்கு) ஒதுக்கிவிட்டு, இதே இமேஜை 08004000இல் எழுதினால் எந்தக் கருவியும் மறுக்காது, பலகைதான் ஓடாது.

128 எம்பி இமேஜ்

இந்தச் சிப்பில் வழக்கமான ரேமுக்கு வெளியே, 10000000 என்ற முகவரியில் 64 கேபி தனியாக இருக்கிறது. சிசிஎம் என்பார்கள். செயலியின் மையம் மட்டுமே அதைத் தொடும், செயலியின் உதவியில்லாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ தொடாது என்பதால், தரவுப் போக்குவரத்தின் நெரிசல் இல்லாமல் கணக்குப் போடுவதற்கு வசதியான இடம். எங்கள் நிரலில் சமிக்ஞை வடிகட்டிகளின் இடைக்கால மதிப்புகள் அங்கே இருந்தன. அவை ஓடும்போது உருவாகி ஓடும்போதே அழிபவை. தொடக்க மதிப்பு எதுவும் தேவையில்லை. எனவே எந்தச் செக்ஷன் எங்கே என்று லிங்கருக்குச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட்டில் அந்தச் செக்ஷனுக்கு ‘நோலோடு’ என்று குறிப்பிட்டிருந்தோம். அந்தப் பெயருக்கு ஏற்ப, இமேஜில் அதற்கு இடம் ஒதுக்கப்படாது.

குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், வடிகட்டியின் குணகங்களையும் அங்கேயே வைத்தார். இரண்டு நிலைகள், நிலைக்கு ஐந்து குணகங்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட். மொத்தம் 40 பைட். ஓடும்போது மாற்ற வேண்டியவை என்பதால் அவற்றை மாறிலியாக ஃப்ளாஷிலேயே விட முடியாது. ஆனால் தொடக்க மதிப்பு வேண்டும். நோலோடு குறி இருந்ததால் அந்த மதிப்புகள் பலகைக்குப் போய்ச் சேரவில்லை. காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்து அந்தக் குறியை எடுத்தார். பலகையோடு இணைத்துச் சோதிக்கும் கருவியான டிபக்கர் வழியாக ஏற்றினார். வடிகட்டி அழகாக வேலை செய்தது. ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அப்போதும் வேலை செய்தது. மாற்றத்தைப் பொதுக் கிளையில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, “அண்ணா, பில்டு பாஸ் ஆயிடுச்சு, ஆனா இமேஜ் 128 எம்பி வந்திருக்கு” என்றார். முகத்தில் சிரிப்பும் பயமும் சரிபாதி.

கோப்பின் அளவு 13,42,17,768 பைட். இந்த எண்ணைப் பார்த்ததும் கணக்குப் புரிந்துவிடும்: 10000000இலிருந்து 08000000ஐக் கழித்தால் பதின்மக் கணக்கில் 13,42,17,728, அதோடு அவருடைய 40. ரேமில் இருக்க வேண்டிய செக்ஷனுக்குத் தனியாக லோடு முகவரி எதுவும் சொல்லாவிட்டால், ஓடும் முகவரியே லோடு முகவரியும் என்று லிங்கர் எடுத்துக்கொள்ளும். ஆப்ஜ்காப்பி அதை அப்படியே நம்பியது. பந்தியின் முதல் இலையில் ஒருவரும் கடைசி இலையில் ஒருவரும் உட்கார்ந்திருக்க, நடுவில் காலியாகக் கிடக்கும் அத்தனை இலைகளுக்கும் வரிசையாகச் சாதம் போட்டுக்கொண்டே போவதைப் போல, ஃப்ளாஷின் நிரல் முடிந்த இடத்திலிருந்து சிசிஎம் தொடங்கும் இடம் வரைக்கும் சுழியங்களை எழுதிக்கொண்டே போய், கடைசியில் அந்த 40 பைட்டையும் வைத்துவிட்டு நின்றது.

இதுவரை நடந்தது வேடிக்கை. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடமாயிற்று. நான் லிங்கர் ஸ்கிரிப்ட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, வெளியீட்டு அவசரத்தில் இருந்த இன்னொரு மூத்த பொறியாளர், ஆப்ஜ்காப்பி கட்டளையில் ஒரு சேர்க்கை செய்தார்: சிசிஎம் செக்ஷனை நீக்கிவிட்டு இமேஜை எழுது. அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. பெயரைச் சொன்னால் அந்தச் செக்ஷனை விட்டுவிடும். பில்டு ஓடியது. இமேஜ் பழைய அளவுக்கு வந்துவிட்டது. “இமேஜ் சின்னதாயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?” என்றார். டிபக்கர் வழியாக ஏற்றிய பலகை பக்கத்திலேயே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இமேஜும் சரியான அளவில் இருக்கிறது, பலகையும் ஓடுகிறது; வேறென்ன வேண்டும் என்ற அவருடைய கேள்விக்கு, அந்த நிமிடத்தில் அறையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை.

பலகையின் மின் இணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகினோம். வடிகட்டியிலிருந்து அர்த்தமில்லாத எண்கள் கொட்டின.

ஏற்றிவிட ஆள் இல்லாத இடம்

அந்த 40 பைட்டை முதல் நாள் சிசிஎம்முக்குள் வைத்தது யார்? டிபக்கர். அது எல்ஃபைப் படித்தது, ‘இந்தச் செக்ஷனை 10000000இல் ஏற்று’ என்று அங்கே எழுதியிருந்ததைப் பார்த்தது, பலகையோடு கேபிளால் இணைந்திருந்ததால் சொன்னபடியே செய்தது. ரீசெட் பொத்தான் செயலியை மட்டும்தான் தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறது. மின்சாரம் இருக்கும்வரை ரேமில் இருப்பது அழியாது. எனவே பொத்தான் சோதனையும் தேறிவிட்டது. மின்சாரம் போனதும் டிபக்கர் வைத்துவிட்டுப் போனதும் போய்விட்டது. இமேஜை மட்டும் ஏற்றிய பலகையில் அது எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை.

எனக்கிருந்த உறுத்தலுக்கு இங்கேதான் விடை கிடைத்தது. எல்ஃபில் இருப்பது பைட்டுகளும், அந்தப் பைட்டுகள் எங்கே இருக்க வேண்டும் என்ற கோரிக்கைகளும். மேசைக் கணினியில் அந்தக் கோரிக்கைகளை நிறைவேற்ற ஓர் ஆள் எப்போதும் இருக்கிறார்: லினக்ஸில் இயங்குதளத்தின் மையமான கெர்னல், எல்ஃபில் உள்ள நிரல் தலைப்புகளைப் படித்து ஒவ்வொரு பகுதியையும் அதனதன் இடத்தில் வைக்கிறது, பிஎஸ்எஸ் பகுதியைச் சுழியாக்குகிறது, பிறகுதான் நிரலுக்குக் கட்டுப்பாடு போகிறது. வெறும் சிப்பில் அந்த ஆள் இல்லை. இமேஜாக மாற்றும் நொடியில், ஆள் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அதுவரை எல்ஃப் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்த வேலைகளையெல்லாம் நிரல் தானே செய்துகொள்ள வேண்டியதாகிறது. ‘உறையைக் கழற்றுவது’ என்று சொல்லும்போது மறைந்துபோவது இந்தப் பொறுப்பு மாற்றம்தான்.

சாதாரண டேட்டா செக்ஷனுக்கு இந்த ஏற்பாடு ஏற்கெனவே செய்யப்பட்டிருப்பதால் யாரும் அதை நினைப்பதில்லை. தொடக்க மதிப்புள்ள ஒரு மாறிக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஓடும்போது அது ரேமில், 20000000க்கு மேலே எங்கோ இருக்கும். அதன் தொடக்க மதிப்பின் நகல் ஃப்ளாஷில், நிரலுக்குப் பின்னால் இருக்கும். லிங்கர் ஸ்கிரிப்ட் ரேமுக்கு ஒன்று, ஃப்ளாஷுக்கு ஒன்று என்று இரண்டையும் சொல்கிறது. ரீசெட்டுக்குப் பிறகு ஓடும் ஸ்டார்ட்அப் கோடு, மெயின் தொடங்குவதற்கு முன்பு, ஃப்ளாஷிலிருந்து ரேமுக்கு நான்கு நான்கு பைட்டாக நகலெடுக்கிறது. பிஎஸ்எஸ் பகுதியையும் அதுவே சுழியாக்குகிறது. இந்தச் சின்னச் சுற்றுதான் நிரல் தன்னோடு சுமந்துவரும் லோடர். சிசிஎம்முக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதியிருக்கவில்லை, இடைக்கால மதிப்புகளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

சரிசெய்வதற்கு ஆனது சொற்பம். லிங்கர் ஸ்கிரிப்ட்டில் அந்தச் செக்ஷன் சிசிஎம்மில் ஓடட்டும், ஃப்ளாஷில் தங்கட்டும் என்று சேர்த்தோம். அதன் தொடக்கம், முடிவு, ஃப்ளாஷில் இருக்கும் நகலின் இடம் ஆகிய மூன்றுக்கும் சிம்பல் வைத்தோம். ஸ்டார்ட்அப் கோடில் இன்னொரு நகலெடுக்கும் சுற்றை எழுதினோம். ஆப்ஜ்காப்பி கட்டளையில் சேர்த்திருந்த தெரிவை நீக்கினோம். இமேஜ் சிறிதே வளர்ந்தது: அந்த 40 பைட்டும், நகலெடுக்கும் சில கட்டளைகளும். மூத்தவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இமேஜ்தான் உண்மையான நிரல் என்று நம்புகிற எவரும் இமேஜின் அளவைத்தான் பார்த்திருப்பார்.

கழற்றியதை மீண்டும் மாட்டுவது

பழைய கருவிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வெளிப்படையாக இருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் எக்ஸிடுபின் என்றொரு கருவி இருந்தது. லிங்கர் உருவாக்கிய எக்ஸி கோப்பைக் காம் கோப்பாகவோ வெறும் பைனரியாகவோ மாற்றும். எக்ஸி கோப்பில் ரீலொகேஷன் அட்டவணை உண்டு. டாஸ் அதை எந்தச் செக்மெண்ட்டில் (நினைவகத் துண்டில்) ஏற்றினாலும் அந்த அட்டவணையைப் பார்த்து முகவரிகளைத் திருத்திக்கொள்ளும். காம் கோப்பில் அப்படி ஒன்று கிடையாது; 64 கேபிக்குள் அடங்க வேண்டும், செக்மெண்ட்டின் 256ஆவது பைட்டிலிருந்து ஏற்றப்படும், அவ்வளவுதான். காம் கோப்பாக்க நினைத்த எக்ஸியில் திருத்த வேண்டிய முகவரிகள் இருந்தால், மாற்ற முடியாது என்று எக்ஸிடுபின் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடும். வெறும் பைனரி கேட்டிருந்தால், திருத்தம் தேவைப்படுகிறது, அடிப்படைச் செக்மெண்ட் எது என்று நம்மிடமே கேட்கும். எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்காமல் அந்தக் கருவி மேலே போகாது. இன்றைய ஆப்ஜ்காப்பி அப்படிக் கேட்பதில்லை. லிங்கர் ஸ்கிரிப்ட்டில் பதில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறது. நம்பக்கூடாத பதில் அங்கே இருக்கும்போது 128 எம்பி வருகிறது.

முகவரியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சியம், கழற்றிய பிறகு ஒவ்வொருவரும் அதை வேறு வடிவத்தில் திரும்ப மாட்டிக்கொண்டிருப்பது. இன்டெல் ஹெக்ஸ் கோப்பில் ஒவ்வொரு தரவு வரியும் தன் முகவரியைத் தானே சொல்கிறது. யூபூட் என்ற பூட்லோடர் பயன்படுத்தும் பழைய யூஇமேஜ் வடிவம், இமேஜின் தலையில் 64 பைட் தலைப்பை வைத்து, அதில் லோடு முகவரியையும் நுழைவு முகவரியையும் எழுதுகிறது. ராஸ்பெரி பை பிகோ என்ற சிறு பலகைக்கு நாம் இழுத்துப் போடும் யூஎஃப்2 கோப்பு 512 பைட் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டிலும் அது போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கிறது. இவை எல்லாம் எல்ஃபின் தலைப்புகளில் ஏற்கெனவே இருந்த தகவல்கள்தாம்.

64 பிட் ஆர்ம் லினக்ஸின் கதை எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. கெர்னலின் எல்ஃபான விஎம்லினக்ஸை ஆப்ஜ்காப்பி வழியாகப் பைனரியாக மாற்றித்தான் அங்கே ‘இமேஜ்’ என்ற கோப்பு உருவாகிறது. பிஎஸ்எஸ் பகுதி அதில் இல்லை என்பதால், கோப்பு முடியும் இடத்துக்கு அப்பாலும் கெர்னல் நினைவகத்தைப் பயன்படுத்தும். எவ்வளவு தூரம் என்று கோப்பின் அளவை மட்டும் பார்க்கும் பூட்லோடருக்குத் தெரிய வழியில்லை. தொட்டடுத்த இடத்தில் அது வேறு எதையாவது வைத்தால், கெர்னல் தன் பிஎஸ்எஸ்ஸைச் சுழியாக்கும்போது அதன்மேல் எழுதிவிடும். அதனால் இமேஜின் தொடக்கத்தில் இருக்கும் 64 பைட் தலைப்பில், கெர்னலுக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு புலத்தை 3.17 பதிப்பில் சேர்த்தார்கள். சுழியங்களுக்கு இடம் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததால் தொலைந்த ஓர் எண்ணைத் திரும்பக் கொண்டுவர ஒரு புலம்.

எல்ஃபை எறிந்துவிடுகிறவர்கள்

‘உறை’ என்ற நினைப்பால் வரும் இன்னொரு கேடு, வெளியீட்டுக்குப் பிறகு எல்ஃபைப் பாதுகாக்காமல் விடுவது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய இமேஜ்களை மட்டும் பதிப்புவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். களத்தில் நின்றுபோன ஒரு கருவி, நின்ற இடத்தின் முகவரியைப் பதிவு செய்து அனுப்பியது: 08013472. எந்தச் சார்பு, எந்த வரி என்று சொல்லக்கூடிய எல்ஃப் அந்தப் பதிப்புக்கு இல்லை. அதே மூல நிரலை மறுபடி கம்பைல் செய்தார்கள். இடையில் கம்பைலர் மாறியிருந்ததால் முகவரிகள் எல்லாம் இடம் பெயர்ந்திருந்தன. இமேஜை டிஸ்அசெம்பிள் செய்து, அதாவது பைட்டுகளைக் கட்டளைகளாகத் திருப்பி, அந்தக் கட்டளைகளின் சாயலை வைத்துச் சார்பை அடையாளம் காண வேண்டியதாயிற்று. எல்ஃப் இருந்திருந்தால் ஒரு கட்டளையில் முடிகிற வேலை. இப்போது நாங்கள் லிங்கரிடம் பில்டு அடையாளம் கேட்டு வாங்கி, அந்த 20 பைட் எண்ணை ஃப்ளாஷுக்குள் ஏற்றப்படும் பகுதியில் வைக்கிறோம். இமேஜிலும் அதே எண் இருக்கும், எல்ஃபிலும் அதே எண் இருக்கும். எந்த இமேஜுக்கு எந்த எல்ஃப் என்ற சந்தேகமே வராது.

128 எம்பி விவகாரத்துக்குப் பிறகு பில்டில் ஒரு சோதனையும் சேர்க்கச் சொன்னேன். முதலில் தம்பி எழுதிக்கொண்டுவந்தது, இமேஜ் 1 எம்பியைத் தாண்டினால் பில்டை நிறுத்து என்பது. அது 128 எம்பியைப் பிடிக்கும். ஆனால் யாராவது மறுபடியும் ஒரு செக்ஷனை நீக்கிவிட்டு இமேஜை எழுதினால், அளவு சரியாக இருப்பதால் வாயைத் திறக்காது. இதைச் சொன்னதும் அவரே யோசித்து மாற்றினார். இப்போதைய சோதனை ஆப்ஜ்காப்பிக்கு முன்பே ஓடுகிறது: எல்ஃபின் செக்ஷன் அட்டவணையை எடுத்து, ஏற்றப்பட வேண்டியது என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு செக்ஷனின் லோடு முகவரியும் ஃப்ளாஷின் 1 எம்பி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது, ஒன்று வெளியே இருந்தாலும் அதன் பெயரைச் சொல்லி பில்டை நிறுத்துகிறது. பிறகு, அந்தச் செக்ஷன்களின் கடைசி முகவரியிலிருந்து கணக்கிட்ட அளவும் உருவான இமேஜின் அளவும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. இரண்டாவது ஒப்பீடு இடையில் உள்ள செக்ஷன் ஒன்று நீக்கப்பட்டால் பிடிக்காது என்று போன வாரம் அவரே ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொன்னார். செக்ஷன் செக்ஷனாக எல்ஃபின் பைட்டுகளை இமேஜின் பைட்டுகளோடு ஒப்பிடும்படி அதை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.